ஒரு ராத்திரி நின்றதற்கே இவ்வளவு கதையா?

 

கொஞ்சம் நீளமான பதிவு. தேத்தண்ணி ஒன்றை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்து வாசியுங்கள்.

கடந்த ஏப்ரல் விடுமுறையில் நாங்கள் இந்தியா போய் வந்த படங்களை இங்கே பார்த்திருப்பீர்கள். ஊட்டி ஏரி, பூந்தோட்டம், சென்னையில் வாங்கிய துணிமணி எல்லாம் போட்டோம். "மாஷா அல்லாஹ், நல்ல டூர்" என்று நிறையப் பேர் எழுதியிருந்தீர்கள். ஆனால் அந்தப் பயணத்தில் படம் எடுக்காத ஒரு இரவும் ஒரு பகலும் உண்டு. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. நம் ஊர்க்காரர்களிடம் கேட்க வேண்டிய ஒரு விஷயமும் கடைசியில் இருக்கிறது.

போனது ஆறு பேர். பாடசாலையில் ஒன்றாகப் படிப்பிக்கும் மூன்று பேரும் அவரவர் வீட்டுக்காரரும் வீட்டுக்காரியும். எங்களில் ஒருவர் விஞ்ஞானம் படிப்பிக்கும் டீச்சர். பண்டாரவளைக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் லயத்தில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அப்பாவின் தங்கை நீலகிரியில் பந்தலூர்ப் பக்கம் இருக்கிறார். அத்தையைப் பார்ப்பது டீச்சருடைய நோக்கம். எங்களுடைய நோக்கம் ஊட்டி. "நாலாயிரம் அடி மலையில் இருந்துகொண்டு இன்னொரு மலையைப் பார்க்கக் காசு கட்டிப் போறீங்களா?" என்று உம்மா கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

சென்னையில் இருந்து மேட்டுப்பாளையத்துக்கு இரவு வண்டி. படுத்துக்கொண்டு போகலாம், விடிய எழும்பினால் மலையடிவாரம் என்று முகவர் சொன்னார். அவர் தந்த டிக்கெட் காத்திருப்போர் பட்டியலில் இருந்தது. "அது வந்துரும் சேர், கவலைப்படாதீங்க" என்றார். நாங்களும் நம்பினோம். இந்தியாவில் வண்டிக்கு அறுபது நாட்களுக்கு முன்பே முன்பதிவு தொடங்கிவிடுகிறது. ஏப்ரல், மே மாதங்கள் அங்கே பள்ளிக்கூட லீவு, சென்னை வெயிலில் இருந்து தப்பிக்க எல்லோரும் மலைக்கு ஓடுகிற காலம். புறப்படுகிற அன்று பெயர்ப் பட்டியல் வெளியானபோது எங்கள் ஆறு பேரின் பெயரும் அதில் இல்லை. இணையத்தில் எடுத்த டிக்கெட் அப்படியென்றால் தானாகவே ரத்தாகிவிடுமாம். காசு திரும்பி வரும், இடம் வராது.

அத்தை மறுநாள் சமைத்துவைத்துக் காத்திருப்பார். முன்பதிவில்லாத பெட்டிக்கு டிக்கெட் எடுத்தோம்.

நமக்கு நெரிசல் கோச்சி புதிதில்லை. கொட்டகலையில் ஆசிரியர் பயிற்சியில் இருந்த காலத்தில் வெள்ளிக்கிழமை பின்நேரம் வீட்டுக்கு வருகிற கோச்சியில் ஒற்றைக் காலில் நின்றே வந்திருக்கிறோம். கொழும்பில் இருந்து வரும்போது, மஹரகம ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்புகிற நோயாளி கழிவறைக் கதவில் சாய்ந்து நிற்பதையும், வெளிநாட்டுக்காரர்கள் வாசலில் தொங்கிப் படம் எடுப்பதையும் ஒரே பெட்டியில் பார்த்திருக்கிறோம். அதனால் ஒரு இரவுதானே என்று நினைத்தோம்.

சென்னை மேடையில் அந்தப் பெட்டியின் வாசலைப் பார்த்ததும் அந்த நினைப்புப் போய்விட்டது. வண்டி நிற்பதற்கு முன்பே ஜன்னலால் துண்டு, பை, செருப்பு என்று உள்ளே விழுகிறது. நம் ஊரில் கைலேஞ்சி போட்டு இடம் பிடிக்கிற வேலையைச் செருப்பால் செய்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். நாங்கள் ஏறவில்லை. பின்னால் இருந்தவர்கள் எங்களை ஏற்றினார்கள். உள்ளே போனபோது ஆறு பேரும் நான்கு இடத்தில் இருந்தோம். சாமான் வைக்கிற மேல்தட்டில் மனிதர்கள் படுத்திருந்தார்கள். இரண்டு இருக்கைகளுக்கு நடுவே ஒரு தாய் சேலையைக் கட்டித் தொட்டில் போட்டிருந்தார். அந்தத் தொட்டில் ஆடும்போதெல்லாம் எங்களில் ஒருவருடைய தலையில் இடித்தது. அவர் தலையை நகர்த்த இடமில்லை.

காட்பாடி வரை யாரும் யாருடனும் பேசவில்லை. வியர்வை நாற்றம், கழிவறை நாற்றம், யாரோ பிரித்த எலுமிச்சைச் சோற்று வாசம், எல்லாம் சேர்ந்த காற்று. பெண்கள் இரண்டு பேருக்குக் கால் வீங்கிவிட்டது. அப்போதுதான் ஈரோட்டுக்குப் போகிற ஒரு அம்மா, "ஏம்மா நிக்கிறீங்க, அட்ஜஸ்ட் பண்ணி உக்காருங்க" என்று தன் பக்கத்தில் ஒரு சாண் இடம் விட்டார். அந்த ஒரு சாணில் இரண்டு பேர் உட்கார்ந்தார்கள். எப்படி என்று இன்றைக்கும் விளங்கவில்லை. எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு "கேரளாவா?" என்றார். இல்லை, இலங்கை என்றோம். "தமிழ் நல்லாப் பேசுறீங்களே" என்று பாராட்டினார். முப்பது வருடமாகத் தமிழில் பேசி, தமிழில் படிப்பித்து, கடைசியில் கிடைத்த சான்றிதழ் அது.

கழிவறைப் பக்கம் ஐந்தாறு பொடியன்கள் நின்றிருந்தார்கள். திருப்பூர் பனியன் கம்பனிகளுக்கு வேலைக்குப் போகிற பீகார்க்காரர்கள். ஒருவனுக்குப் பதினெட்டு வயதும் இருக்காது. அவர்கள் பாஷை எங்களுக்கோ எங்கள் பாஷை அவர்களுக்கோ தெரியாது. விரலைக் காட்டி, தூங்குகிற மாதிரி செய்து காட்டி, ஏற்கனவே இரண்டு இரவு ரயிலில் வந்துவிட்டதாக அவன் விளங்கப்படுத்தினான். பிறகு பையில் இருந்த பிஸ்கட் பக்கற்றை எங்களிடம் நீட்டினான். திருப்பூரில் அவர்கள் இறங்கியதும் பெட்டி மூச்சு விட்டது. கோயம்புத்தூரில் இன்னும் பாதி இறங்கியது. சுபஹை உட்கார்ந்த இடத்திலேயே தொழுதோம். மேட்டுப்பாளையத்தில் இறங்கி, "இனி ஜென்மத்துக்கும் இந்த வேலை வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டு ஊட்டி பஸ் ஏறினோம். வளைவுகளில் இரண்டு பேர் வாந்தி. ஊட்டியில் மாறி, கூடலூரில் மாறி, பந்தலூரில் இறங்கும்போது பின்நேரம்.

அத்தை இருக்கிற இடத்தைப் பார்த்ததும் டீச்சர் அப்படியே நின்றுவிட்டார். தேயிலை, சில்வர் ஓக் மரம், வரிசையாகக் காம்பரா, வாசலில் தண்ணீர்ப் பீலி. பண்டாரவளையை விட்டு நாங்கள் வெளிக்கிடவே இல்லைப் போல இருந்தது. இலங்கையில் இருந்து போனவர்களுக்கு வேலை கொடுப்பதற்கென்றே தமிழ்நாடு அரசு 1968இல் அங்கே தேயிலை நட ஆரம்பித்தது. டான்டீ என்று இன்று சொல்கிற தேயிலைத் தோட்டக் கழகம் அப்படி வந்ததுதான்.

சாப்பிட்டோம். உப்புக்கண்டத்தில் இருந்து தேங்காய்ச் சம்பல் வரை நம் ஊர்ச் சாப்பாடு. சாப்பிட்டுவிட்டு நாங்கள் ரயில் கதையை எடுத்தோம். ஆள் மாறி ஆள் சொன்னோம். செருப்பு, தொட்டில், கால் வீக்கம் ஒன்றையும் விடவில்லை. அத்தை சிரித்துக்கொண்டே கேட்டார்.

"அடேயப்பா! ஒரு ராத்திரி நின்னதுக்கே இவ்வளவு கதையா?"

கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு அவர் சொன்னதைக் கேட்டு நாங்கள் எங்கள் கதையை மடித்து வைத்துவிட்டோம்.

அவர் போனது 1976இல். பதினேழு வயது. பண்டாரவளை ஸ்டேஷனில்தான் ஏறியிருக்கிறார்கள். அவருடைய அம்மா, அப்பா, இரண்டு தம்பிமார், இவர். அண்ணன், அதாவது டீச்சருடைய அப்பா, கலியாணம் முடித்துத் தனிக் குடும்பமாக இருந்ததால் அவருடைய விண்ணப்பம் வேறு. அவருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. மற்றவர்களுக்கு இந்தியா. ஒரே லயத்தில், பக்கத்துப் பக்கத்துக் காம்பராவில் இருந்தவர்களுக்கு இரண்டு நாடு.

கோச்சி தியத்தலாவ, ஹப்புத்தளை, ஒஹியா என்று ஏறிப் போகிறது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இதே மாதிரிக் குடும்பங்கள். ஒஹியா தாண்டி வருகிற சுரங்கத்தோடு ஊவா முடிந்துவிடும் என்று அவருடைய அப்பா சொல்லியிருக்கிறார். சுரங்கத்துக்குள் போனதும் பெட்டி முழுக்க அழுகை. பிறகு நானுஓயா, ஹட்டன், நாவலப்பிட்டி. பொல்கஹவெலயில் வடக்குப் பாதைக்கு மாறி, அநுராதபுரம், மதவாச்சி கடந்து தலைமன்னார். அங்கிருந்து இராமானுஜம் கப்பல், இராமேஸ்வரம், மண்டபம் முகாம். மண்டபத்தில் மண் சுட்டதைத்தான் முதலில் சொன்னார். சப்பாத்து போட்டுப் பழகாத கால். ஆனால் மலை மண்ணில் பழகிய கால்.

"கூட்டம் இருந்திச்சா அத்தை?" என்று எங்களில் ஒருவர் கேட்டார்.

"கூட்டம்னா என்னா கண்ணு... மத்த கோச்சியில ஹட்டன்ல பத்துப் பேர் எறங்குவாங்க, எடம் கெடைக்கும். அந்தக் கோச்சியில ஏறுனாங்க ஏறுனாங்க, ஒருத்தரும் எறங்கல."

எங்கள் பெட்டி திருப்பூரில் மூச்சு விட்டதை இப்போதுதான் எழுதினோம். நெரிசலைத் தாங்க முடிவது அதனால்தான் என்று அங்கே உட்கார்ந்திருந்தபோது பட்டது. பாதிப் பேர் எங்கேயோ இறங்குவார்கள். நாமும் இறங்குவோம். எங்கள் கைப்பையில் திரும்பி வருகிற விமான டிக்கெட்டும் இருந்தது. அந்தக் கோச்சிக்கு மலையகத்தில் 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர். மலையக எழுத்தாளர் மு. சிவலிங்கம் தன் சிறுகதைத் தொகுதி ஒன்றுக்கு அதையே பெயராக வைத்தார். பெயரை நாங்களும் கேள்விப்பட்டிருந்தோம். அதில் போனவரின் வாயால் கேட்டது அன்றைக்குத்தான்.

பிள்ளைகளுக்காகச் சுருக்கமாக: 1948இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டத்தோடு தோட்டத்து மக்களில் பெரும்பாலானோர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். 975,000 பேரைப் பற்றி, அவர்களில் ஒருவரையும் கேட்காமல், இரண்டு பிரதமர்கள் முடிவெடுத்தார்கள். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்க்கலாம். அந்த மிச்சத்தை 1974இல் ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாகப் பிரித்தார்கள். 1984இல் கப்பல் நின்று போவதற்கு முன் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் போய்விட்டார்கள். வகுப்பில் நாங்கள் இதை நாலைந்து நிமிடத்தில் சொல்லி முடித்திருக்கிறோம். திகதியும் தொகையும் பரீட்சைக்கு வரும். ஹப்புத்தளை மேடையில் நின்றவர்கள் வரமாட்டார்கள்.

இனிமேல் எழுதப் போவதுதான் எழுதத் தயங்கியது.

அத்தை எங்களைப் பார்த்து, "டவுன்ல பாய் கடைங்கல்லாம் இன்னும் இருக்கா?" என்று கேட்டார். இருக்கு என்றோம். இரண்டு கடையை அவருக்கு நினைவிருந்தது. ஒரு கடைக்காரர், வீட்டுக்கடன் இருந்தும் கொப்பியைக் கிழித்துப் போட்டுவிட்டு, பாணும் சீனியும் சுற்றிக் கோச்சிக்குக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். இன்னொரு கடையில், பாக்கிக்கு அவருடைய அம்மாவின் செப்புக் குடத்தை வைத்துக்கொண்டார்கள். இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னார். குடத்தைச் சொல்லும்போது கோபமும் இல்லை, பாணைச் சொல்லும்போது பெரிய நன்றியும் இல்லை. நாங்கள் மூன்று நாள் அங்கே இருந்தோம். அந்தப் பேச்சு திரும்ப வரவில்லை.

ஊருக்கு வந்து வாப்பாவிடம் கேட்டோம். எங்கள் மூத்தாப்பாவுக்கும் டவுனில் சில்லறைக் கடை இருந்தது. வாப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அந்த நேரம் எல்லாரும் வாங்கினதுதான். ஆடு, மாடு, பித்தளை, தையல் மெஷின். நாள் குறிச்சு வந்த சனம், சொன்ன விலைக்குக் கொடுத்தாங்க." எங்கள் வீட்டுக் குசினியில் பெருநாளைக்கு மட்டும் இறக்குகிற பெரிய பித்தளைச் சட்டி ஒன்று இருக்கிறது. அது எப்படி வந்தது என்று யாரும் கேட்டதில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை என்பதே உண்மை.

சிலருக்குக் கோபம் வரும் என்று தெரியும். "ஒப்பந்தம் போட்டது அரசாங்கங்கள். கடைக்காரன் என்ன செய்வான்? அவனுக்கும் கொழும்பு மொத்த வியாபாரிக்குக் கடன் இல்லையா?" உண்மைதான். 1974ஐ ஒட்டிய பஞ்ச காலத்தில் தோட்டத்துக்குக் கடனில் மாவும் அரிசியும் கொடுத்துக் கடையையே இழந்தவர்கள் நம்மில் இருந்ததாகப் பெரியவர்கள் சொல்வார்கள். யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இதை எழுதவில்லை. கொப்பியைக் கிழித்தவரும் நம் ஆள், குடத்தை வைத்துக்கொண்டவரும் நம் ஆள். முதலாமவரை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு "நாங்கள் தோட்டத்து மக்களோடு அண்ணன் தம்பியாக இருந்தோம்" என்று மேடையில் பேசுவது கணக்கில் பாதிப் பக்கத்தை மறைப்பது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தில் இருந்தும் மன்னாரில் இருந்தும் நம் சொந்தங்கள் விரட்டப்பட்டதை ஒவ்வொரு வருடமும் நினைவு கூருகிறோம். வீட்டுச் சாவியோடு புத்தளத்தில் உட்கார்ந்திருந்தவர்களைப் பற்றி ஜும்ஆவில் பேசுகிறோம், இங்கே பதிவு போடுகிறோம். அவர்களுடைய பொருட்கள் யார் வீட்டில் இருக்கின்றன என்று கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான், அதை விட்டுவிடவும் கூடாது. ஆனால் அந்தக் கேள்வியின் கனம் தெரிந்த நாம், நம் ஸ்டேஷனில் இருந்து போன கோச்சியைப் பற்றி மட்டும் எப்படி இவ்வளவு காலம் பேசாமல் இருந்தோம்? இரண்டும் ஒன்றல்ல. துப்பாக்கி முனையில் சில மணித்தியாலத்தில் போவது வேறு, கடிதம் வந்து நாள் குறித்துப் போவது வேறு. சாமானை விட்டுவிட்டு மேடையில் நிற்கிறவருக்கு அந்த வித்தியாசம் எவ்வளவு தெரிந்திருக்கும் என்பது எங்களுக்குத் தெரியாது.

நம் பிள்ளைகள் எல்ல ஒன்பது வளைவுப் பாலத்தில் கோச்சி வருகிற நேரம் பார்த்து செல்ஃபி எடுக்கிறார்கள். எடுக்கட்டும். எங்கள் பிள்ளைகளும் எடுத்திருக்கிறார்கள். 1924இல் இந்தப் பாதை பதுளை வரை போனது தேயிலையை இறக்க. அதே பாதை அந்தத் தேயிலையை நட்டவர்களின் பிள்ளைகளையும் இறக்கியது. இதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்க வேண்டியது ஆசிரியர்கள் நாங்கள். வீட்டில் சொல்ல வேண்டியது நீங்கள்.

கேட்க இருந்த விஷயம் இதுதான். டவுனில் பழைய கடை வைத்திருந்த குடும்பங்களில் 1960, 70களின் கடன் கொப்பிகள் இன்னும் இருக்கக்கூடும். கூரைக்குள்ளே, பெட்டிக்கு அடியிலே. கறையான் தின்னவோ அடுப்பில் போடவோ விடாதீர்கள். எங்களிடம் கொடுங்கள், அல்லது படம் எடுக்க விடுங்கள். தோட்டம், பெயர், பிள்ளைகள் எத்தனை பேர், எந்த மாதத்தோடு கணக்கு நின்றது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். யாருக்கு எவ்வளவு பாக்கி, கடைக்காரர் யார் என்பதை வெளியில் சொல்ல மாட்டோம். மேடையில் நின்று வழியனுப்பிய பெரியவர்கள் உங்கள் வீடுகளில் இருந்தால், அவர்கள் பேசுவதை ஃபோனில் பதிந்து வையுங்கள். எழுபது வயதைத் தாண்டியவர்கள்தான் இனிச் சொல்ல முடியும். தோட்டத்துப் பாடசாலை ஆசிரியர்கள் இரண்டு பேர் ஏற்கனவே சேர்ந்திருக்கிறார்கள். தோட்டத்தில் தங்கிவிட்ட அண்ணன் தம்பிமாரின் பக்கத்தை அவர்கள் எழுதுவார்கள். டவுன் பக்கத்தை நாம்தான் எழுத வேண்டும்.

அத்தை வரப் போகிறார். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டாயிற்று, எல்லாம் சரியானால் டிசம்பரில். போனதில் இருந்து ஒரு தடவையும் வந்ததில்லை. அண்ணன் மௌத்தானபோதும் வர முடியவில்லை. கட்டுநாயக்காவில் இருந்து வேனில் கூட்டி வருகிறோம் என்று சொன்னோம், கேட்கவில்லை. கோச்சியில்தான் வர வேண்டுமாம், பண்டாரவளை ஸ்டேஷனில்தான் இறங்க வேண்டுமாம்.

கோட்டையில் இருந்து பண்டாரவளைக்கு ஆசனப் பதிவு முப்பது நாட்களுக்கு முன்னர்தான் திறக்கும், திறந்த கையோடு முடிந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். அவரை நிற்க வைத்துக் கூட்டி வர எங்களுக்கு மனமில்லை. நேர்மையான வழியில் டிக்கெட் எடுத்துப் பழகியவர்கள் எத்தனை மணிக்கு உட்கார வேண்டும், எப்படி எடுக்க வேண்டும் என்று கீழே எழுதுங்கள். மூன்று பேருக்கு, இரண்டாம் வகுப்பு, ஒன்று ஜன்னலோரம்.